டிப்போவின் வலி டப்பா

மார்ச் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். மன்னித்துவிடுங்கள். போனில் நான் "அப்பா" என்றதும் "சாப்பிட்டியா?" என்கிறீர்கள். நான் "ம்" சொல்லி முடிப்பதற்குள் "இந்தா, அம்மாகிட்ட பேசு" என்று கைமாற்றிவிடுகிறீர்கள். உங்களுக்குச் சொல்ல வந்தது அம்மாவிடம் போய், அங்கே உப்பு காரம் ஏறி உங்களிடம் வந்து சேரும்போது அது உங்கள் இருவருக்கும் நடக்கும் சண்டையாகியிருக்கிறது. நேரில் சொல்லலாம் என்றால் எனக்கு வாய் வருவதில்லை. அதனால்தான் காகிதம்.

நான் நலமாக இருக்கிறேன். விடுதி அறை ஜன்னலுக்குக் கீழே டயர்க் கடை. மத்தியானம் ரப்பர் வாசம் ஏறி வந்தால் நீங்கள் டியூட்டி முடிந்து வீட்டுக்குள் வந்தது போலிருக்கும். அறைத்தோழி மூக்கைப் பிடித்துக்கொள்கிறாள். நான் ஜன்னலைத் திறந்து வைக்கிறேன்.

போன வாரம் வந்திருந்தபோது சிலதைப் பார்த்தேன். வாசல்படியில் நீங்கள் நேராக இறங்குவதில்லை. பீரோவை இறக்குகிற மாதிரி உங்களையே பக்கவாட்டில் திருப்பி இறக்குகிறீர்கள். விடிவதற்கு முன் வெறும் டீயோடு மாத்திரை போடுகிறீர்கள். துவைக்க எடுத்த சட்டைப் பையில் இரண்டு மாத்திரை அட்டைகள் இருந்தன. ஒன்று முட்டிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தது. இன்னொன்றின் பெயர் வேறு, உள்ளே இருக்கிற மருந்து ஒன்றேதான். உங்கள் பாஷையில் சொன்னால், பஸ் அதே பஸ், போர்டைத்தான் மாற்றி மாட்டியிருக்கிறார்கள். இரண்டையும் போட்டால் இரண்டு மடங்கு போட்டதாகத்தான் கணக்கு.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அதுதான் என் வேலை. மருந்துப் பெட்டிக்குள் பலமுறை மடித்த ஒரு காகிதம் இருக்குமே, ஒருமுறை பிரித்தால் பிறகு மடிக்கவே வராதே, அதன் தமிழைச் சரிபார்க்கிறேன். யாரும் படிக்காத ஒன்றை நாள் முழுக்கப் படிக்கிறேன்.

அது வலி, வீக்கம் இரண்டையும் குறைக்கிற மருந்து. நல்ல மருந்துதான். ஆனால் சாப்பிட்ட பிறகு போட வேண்டும். எழுதிக் கொடுத்த அளவு, எழுதிக் கொடுத்த நாள் வரைதான். கூடவே இன்னொரு வலி மாத்திரை கூடாது. அந்த இரண்டாவது அட்டை யாருடையது அப்பா?

அன்புடன்,
உங்கள் மகள்


மார்ச் 11

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. முட்டியைத் தவிர இங்கு அனைவரும் சுகம்.

உன் கடிதத்தை எனக்கு முன்னால் உன் அம்மா பிரித்துவிட்டாள். "உங்களுக்குத் தனியா எழுதுற அளவுக்கு அவளுக்கு என்ன ரகசியம்?" என்று கேட்டாள். மாத்திரை என்றதும் ஏமாந்துபோனாள். கல்யாண விஷயம் என்று நினைத்தாளாம்.

அந்த அட்டை டிப்போ டப்பாவில் எடுத்தது. உனக்குத் தெரியாது. ஓய்வறை அலமாரியில் ஒரு பழைய டிபன் டப்பா இருக்கிறது. எங்களில் வலி இல்லாதவன் எவன்? ஒருவன் டாக்டரிடம் போனால் பத்து நாளைக்கு எழுதுகிறார். நாலு நாளில் வலி விட்டுவிடும். மீதியைத் தூக்கி எறிவதா? டப்பாவில் போட்டுவிடுவோம், அடுத்தவனுக்கு ஆகும். ரோஸ் கலர் முட்டிக்கு. வெள்ளை இடுப்புக்கு. மஞ்சள் எதற்கென்று யாருக்கும் தெரியாது, ஆனால் நன்றாகக் கேட்கிறது.

டப்பாவுக்குப் பொறுப்பு நான்தான். காரணம் நீ. "அண்ணன் பொண்ணு மருந்துக் கம்பெனில பெரிய ஆளு" என்று சொல்லி சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். இப்போது எனக்குப் பட்டப்பெயர் "டாக்டரோட அப்பா". வேண்டாம் என்று ஒருமுறை சொன்னேன். இரண்டாம் முறை சொல்லவில்லை.

நேற்று என் கண்டக்டர் விசில் வந்தான். பல் இடுக்கில் காற்று வந்து பேச்சோடு விசிலும் அடிப்பானே, அவன்தான்.

"அண்ணே, தோள்பட்டை கழண்டு விழுது. பாப்பா என்ன சொல்லுது?"

"பாப்பா ரோஸ் போடச் சொல்லுது."

"காலையில ஒண்ணா, சாயங்காலமும் ஒண்ணா?"

"பஸ்ஸு காலையில மட்டுமா ஓடுது?"

சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனான். நம் வீட்டில் முதல் பட்டதாரி நீ. உன் படிப்பு இத்தனை பேருக்கு உதவுகிறது என்று பெருமைப்படு.

சாப்பிட்ட பிறகு போடு என்கிறாய். முதல் டிரிப் எடுக்கிறவனுக்கு அந்த நேரத்தில் யார் சமைத்துப் போடுவது? உன் அம்மா நன்றாகத் தூங்குவாள்.

உன் அப்பா

பொய். ராத்திரியே சாப்பாடு கட்டி வைக்கிறேன். அப்படியே திரும்பி வருது. அம்மா.


மார்ச் 16

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் எப்போது ரோஸ் போடச் சொன்னேன்?

ஆபீசில் நான் இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசினால் எல்லோரும் தலையைத் திருப்பிப் பார்க்கிறார்கள். அப்படிப்பட்டவள் பெயரைச் சொல்லி அங்கே ஒரு டிப்போவே மாத்திரை விழுங்குகிறது. உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். அதன் பிறகு சாப்பிடவில்லை.

முதலில் விசில் மாமா. அவர் ரத்தக் கொதிப்புக்குத் தினமும் மாத்திரை போடுகிறவர். அந்த மாத்திரையும் இந்த வலி மாத்திரையும் மாமியார் மருமகள் மாதிரி, ஒரே வீட்டில் இருந்தால் கஷ்டம் வீட்டுக்குத்தான். கொதிப்பு ஏறும், உடம்பில் நீர் கட்டும், சிறுநீரகம் நடுவில் மாட்டிக்கொள்ளும். எல்லோருக்கும் அப்படி ஆகும் என்றில்லை. யாருக்கு ஆகும் என்பதை டாக்டர்தான் பார்த்துச் சொல்ல முடியும், டிபன் டப்பா சொல்லாது. உடனே நிறுத்தச் சொல்லுங்கள். கால் வீங்கியிருக்கிறதா என்று கேளுங்கள்.

அடுத்து நீங்கள். வலி என்பது வண்டியில் எரிகிற சிவப்பு விளக்கு. விளக்கை மறைத்தால் கோளாறு போய்விடுமா? அதிலும் இந்த மருந்து வலியைக் குறைக்கும்போதே வயிற்றின் உள்தோலையும் மெலிதாக்குகிறது. வெறும் வயிற்றில், இரண்டு மடங்காக, வாரக்கணக்கில் போட்டால் புண்ணாகிவிடும். எரிச்சல் இருந்தால்தான் புண் என்றும் இல்லை, சத்தமே இல்லாமல் ரத்தம் கசியும்.

அடுத்த பத்தியை அம்மா படிக்க வேண்டாம்.

அப்பா, ஆபீசில் இந்த வார்த்தையை நான் கூச்சமில்லாமல் சரிபார்க்கிறேன். எழுத்துப் பெரிதா சின்னதா என்றுகூட வாதாடியிருக்கிறேன். உங்களுக்கு எழுதக் கை வரவில்லை. காலையில் நீங்கள் உள்ளே போய் வருகிறீர்களே, அங்கே... அது... என்ன நிறம்? கறுப்பாக, தார் மாதிரி, பிசுபிசுப்பாகப் போனால் அது வயிற்றில் கசிந்த ரத்தம். ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது, அன்றே ஆஸ்பத்திரி. இதற்கு மட்டும் பதில் எழுதிவிடுங்கள். ஒரே வார்த்தை போதும்.

உங்கள் மகள்


மார்ச் 22

மகளுக்கு,

சுகம் என்று தொடங்க இந்தத் தடவை மனம் வரவில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

அம்மா படிக்க வேண்டாம் என்றாய். அவள் அந்தப் பத்தியைத்தான் முதலில் படித்தாள். படித்துவிட்டு அடுப்படியில் இருந்தே "ஏங்க, என்ன கலரு?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். பக்கத்து வீட்டுக்காரர் பெயின்டர். ஜன்னலைத் திறந்து "எந்தச் சுவத்துக்கு அண்ணே?" என்று கேட்டார். இதுவரை கட்டிக்காத்த மானம் போயிற்று.

நிறமெல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. இனி அதைப் பற்றி எழுதாதே.

சிவப்பு விளக்கு பற்றி எழுதியிருந்தாய். என் வண்டியில் அந்த விளக்கின் மேல் பிளாஸ்திரி ஒட்டி வெகு நாளாயிற்று. வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

இப்போது விசில். உன் கடிதம் வந்த அன்று அவன் டியூட்டிக்கு மச்சானின் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தான். "என் செருப்பு சுருங்கிப்போச்சு அண்ணே" என்றான். குனிந்து பார்த்தேன். செருப்பு சுருங்கவில்லை. இரண்டு காலும் பூசணிக்காய் மாதிரி இருந்தன. நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். உள்ளே அவன் மட்டும் போனான். நான் வெளியே நின்றேன். கதவு திறந்துதான் இருந்தது.

"யார் இந்த மாத்திரை குடுத்தது?" டாக்டர் அம்மா உன்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவராக இருப்பார்.

"டாக்டரோட அப்பாங்க."

"எந்த டாக்டர்?"

"அவங்க நெசமா டாக்டர் இல்லைங்க. மாத்திரைப் பெட்டிக்குள்ள ஒரு காகிதம் இருக்கும்ல? அதுல எழுத்துப்பிழை பாக்குறவங்க."

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அந்தக் காகிதத்தை நீங்க படிச்சீங்களா?"

"அவங்கதான் படிச்சிருக்காங்களேங்க. நாங்க வேற எதுக்குப் படிக்கணும்?"

ரத்தக் கொதிப்பு ஏறியிருந்தது. சிறுநீரகத்துக்கு ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். ரோஸை நிறுத்தியதும் வீக்கம் வடிகிறது. இன்னும் கொஞ்ச நாள் போட்டிருந்தால் பேச்சு வேறு மாதிரி இருந்திருக்கும் என்றாராம் அந்த அம்மா. விசில் என்னைத் திட்டவில்லை. "பாப்பா மேல தப்பில்லண்ணே, ரோஸ்தான் நமக்கு ராசியில்ல" என்றான். திட்டியிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

டப்பாவைப் பூட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். உன் பெயரைச் சொன்னது தப்பு. அதை எல்லோரிடமும் சொல்லியும்விட்டேன்.

உன் அப்பா

பாப்பா, கூரியரில அனுப்பச் சொல்லிக் குடுத்தாரு. ஒட்டறதுக்கு முன்னால எழுதுறேன். நிறம் ஒழுங்குன்னு எழுதினது பொய். கறுப்புதான். தார் மாதிரியேதான். ஆஸ்பத்திரின்னா எந்திரிச்சுப் போயிடறாரு. இருக்கிற ஒரே போனையும் இடுப்பை விட்டு எடுக்கறதில்ல, அதான் எழுதுறேன். நீ பேசினா கேப்பாரு. உடனே பேசு. அம்மா.


ஏப்ரல் 2

அன்பு மகளுக்கு,

நீ விடுதிக்குத் திரும்பிய மறுநாள் என்னை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தெம்பாக இருக்கிறேன்.

அன்றைக்குப் போனில் நீ கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. வண்டியைக் கிளப்பப் போகிற நேரம். "இப்பவே எறங்குங்கப்பா!" என்றாய். பயணிகள் சிலர் தங்களைத்தான் சொல்கிறார்கள் என்று இறங்கிவிட்டார்கள். இப்படி ஒரு குரல் உனக்கு இருப்பது எனக்குத் தெரியவே தெரியாது. அந்தக் குரலை ஆபீசிலும் கொஞ்சம் எடு.

வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்களே, டீசல் டேங்குக்குள் குச்சி விட்டு அளவு பார்ப்பது போலத்தான் இருந்தது. புண்ணைத் திரையில் காட்டினார்கள். நானும் பார்த்தேன். என் வயிற்றுக்குள் நான் போட்ட பள்ளம். நம் சாலையில் இருப்பதைவிடச் சின்னதுதான், ஆனால் பக்கத்தில் பார்க்கச் சகிக்கவில்லை. டப்பாவை அம்மா அப்படியே டாக்டர் மேசையில் கொண்டுபோய் வைத்தாள். அவர் ஒவ்வொரு அட்டையாகத் திருப்பிப் பார்த்தார். நாலு பெயரில் ஒரே மருந்து இருந்ததாம். மஞ்சள் என்ன தெரியுமா? வெறும் சத்து மாத்திரை. இத்தனை காலமும் அதைத்தான் நாங்கள் சண்டை போட்டு வாங்கினோம்.

நீ கட்டிலருகில் உட்கார்ந்திருந்தபோது ஒன்று சொல்ல நினைத்தேன். வாய் வரவில்லை. இந்தக் குணம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதல்லவா?

அடுத்த மாதம் டிரைவர்களுக்கு உடல் தகுதிப் பரிசோதனை. முட்டி போட்டு உட்கார்ந்து எழ வேண்டும். கிளட்ச் மிதிக்கிற இடது காலில் ஒற்றையாக நிற்க வேண்டும். முடியாவிட்டால் ஸ்டியரிங் போய்விடும். டைம் ஆபீஸில் நாற்காலி போட்டு, எந்த வண்டி எப்போது வந்தது என்று எழுதச் சொல்வார்கள். சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அப்படிப் போனவர்களுக்கு டிப்போவில் "ஹேண்ட் பிரேக்" என்று பெயர். "என்ன ஹேண்ட் பிரேக், இன்னைக்கு எத்தனை கிலோமீட்டர்?" என்று சாப்பாட்டு நேரத்தில் கேட்பார்கள். அந்தப் பெயரை முதலில் வைத்தவன் நான்தான். அடுத்து எனக்கு வைக்க ஆள் காத்திருக்கிறது. அதற்காகத்தான் இரண்டு அட்டையும் சேர்த்துப் போட்டேன். முட்டியைச் சத்தம் போடாமல் வைத்திருந்து பரிசோதனையைத் தாண்டிவிடலாம் என்று நினைத்தேன்.

டப்பாவை டாக்டரிடம் கொடுப்பதற்கு முன் ஒரு அட்டையை எடுத்து ஒளித்து வைத்தேன். அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்தால் இங்கேயும் எழுதியிருப்பாள். பரிசோதனை அன்று மட்டும் ஒன்றே ஒன்று. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, நீ சொன்ன மாதிரியே. அதன் பிறகு தொடமாட்டேன். இதில் தப்பு உண்டா? படித்தவள் நீ, சொல்.

உன் அப்பா


ஏப்ரல் 8

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் என்னிடம் கேள்வி கேட்டு எழுதிய முதல் கடிதம் இது. தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

குரலைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஆபீசில் எடுத்துப் பார்த்தேன். கூட்டத்தில் எழுந்து நின்று, அந்தக் கறுப்பு நிறம் பற்றிய வரி காகிதத்தின் பின்பக்கம் கடைசி மடிப்பில் கிடக்கிறது, அதை முன்பக்கம் பெரிய எழுத்தில் போடலாம் என்றேன். "யாரும்மா அதையெல்லாம் படிக்கிறாங்க?" என்று மேலாளர் கேட்டார். "எங்க அம்மா படிப்பாங்க சார், படிக்க வேண்டாம்னு எழுதினா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பரிசீலிக்கிறோம் என்றார். மாட்டோம் என்பதை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். அடுத்த கூட்டத்திலும் எழுந்திருப்பேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். தப்பு உண்டு. ஒன்றே ஒன்றுகூட வேண்டாம். சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள் என்று நான் எழுதியது புண் இல்லாத வயிற்றுக்கு. ஒருமுறை கசிந்த இடத்தில் சாப்பாடு காவல் நிற்காது. நான் ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பிய அன்று டாக்டரும் உங்களிடம் அதைத்தான் சொன்னார்: இனிமேல் பல்லுக்குப் போனாலும் சுளுக்குக்குப் போனாலும், எனக்கு வயிற்றில் ரத்தம் கசிந்திருக்கிறது என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் மருந்து வாங்க வேண்டும். நீங்கள் தலையாட்டினீர்கள். ஆட்டிய விதத்திலேயே எனக்குச் சந்தேகம்தான். ஒளித்து வைத்த அட்டையை விடுதிக்கு அனுப்ப வேண்டாம், குப்பையிலும் போட வேண்டாம். மருந்துக்கடையில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள், இல்லையென்றால் அந்த டாக்டர் மேசையிலேயே வைத்துவிடுங்கள். முட்டிக்கு அவர் எழுதிக் கொடுத்த பயிற்சியை அம்மாவை எதிரே உட்கார வைத்துச் செய்யுங்கள். அம்மா எண்ணினால் குறையாது.

இன்னொன்று. மாத்திரை போட்டு ஒற்றைக் காலில் நின்றால் பரிசோதிப்பவர் ஏமாந்துபோவார். மறுநாள் காலை அந்தக் கால் கிளட்சின் மேல் இருக்கும். உங்கள் பின்னால் ஒரு பஸ் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள், கம்பியைப் பிடித்துக்கொண்டு விசில் மாமாவும். இதை உங்களுக்கு எழுதவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நீங்கள் இதுவரை ஒருவரையும் இடித்ததில்லை.

அன்புடன்,
உங்கள் மகள்

கையெழுத்துப் போட்டுவிட்டு உறையையும் எடுத்துவிட்டேன். ஆனால் எழுத உட்கார்ந்தது இதற்காகத்தான். இத்தனை வருடத்தில் உங்களிடம் நேராக நான் எதுவும் கேட்டதில்லை. சைக்கிள், கல்லூரி, இந்த வேலைக்கு வெளியூர் வருவது எல்லாமே அம்மா வழியாகத்தான் வாங்கினேன். இதை அம்மாவிடம் சொல்லவில்லை. பெயர் வைப்பார்கள் என்பது தெரியும். ஏற்றத்தில் நிற்கிற பஸ்ஸை எது பிடித்து வைத்திருக்கிறது என்று அவர்களுக்கு நீங்கள் சொல்லிக் கொடுங்கள். கொஞ்ச நாள் சிரிப்பார்கள், பிறகு வேறு ஆள் கிடைத்துவிடும்.

பரிசோதனை நாள் வருவதற்கு முன்னால், யாரும் இறக்கிவிடுவதற்கு முன்னால், நீங்களே மேனேஜர் அறைக்குப் போய், என் முட்டி போய்விட்டது, டைம் ஆபீஸ் நாற்காலியைக் கொடுங்கள் என்று கேட்டுவிடுங்கள் அப்பா.